டாஃபடில் வளர்த்து ஷோவுல வைக்கறது எப்படி

இங்கிலாந்துல வீட்டுத் தோட்டத்துல டாஃபடில் பூ இருந்தா லோக்கல் ஸ்ப்ரிங் ஷோவுல (வசந்த கால பூப் போட்டில) ஒரு தடவை வச்சுப் பாருங்க, ஆனா பெரிய பூ தான் ஜெயிக்கும்னு நினைக்காதீங்க, நத்தை கடிச்ச சின்ன ஓட்டை இருந்தாலே ஜட்ஜ் அடுத்த ஜாடிக்குப் போயிடுவார்.

பல்ப்பை (கிழங்கை) செப்டம்பர்லயே நட்டுடணும், டூலிப் மாதிரி நவம்பர் வரை இழுக்கக் கூடாது. பல்ப் உயரத்துக்கு ரெண்டு மூணு மடங்கு ஆழம் போதும். வாங்கறப்பவே அடிப்பக்கத்தை அமுக்கிப் பாருங்க, மெத்துனு இருந்தா ஃபுசேரியம்ங்கற பூஞ்சை அழுகலா இருக்கலாம், வேண்டாம். பூ முடிஞ்சதும் இலையை வெட்டவோ முடிச்சு போடவோ வேண்டாம் (பாக்க அசிங்கமா தான் இருக்கும்), ஆறு வாரமாவது விடுங்க, அடுத்த வருஷப் பூவுக்கு சத்து அதுல இருந்துதான் போகுது.

இனி முக்கியமான விஷயம், கிளாஸ், அதாவது பூவை எந்தப் போட்டிப் பிரிவுல வைக்கறதுங்கறது. ஆர்ஹெச்எஸ் (ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி) டாஃபடில்களை 13 டிவிஷனா பிரிச்சிருக்கு. ஒரு தண்டுல ஒரே பூ வர்ற சாதாரண வகைன்னா ஸ்கேல் எடுத்து நடுவுல இருக்கற கப்பை அளங்க. இதழ் நீளத்துக்கு சமமாவோ கூடவோ இருந்தா 1, மூணுல ஒரு பங்குக்கு மேல ஆனா இதழை விடக் குறைவுன்னா 2, மூணுல ஒரு பங்கோ அதுக்கும் கீழயோன்னா 3. அப்புறம் கலர் கோடு, முதல்ல இதழ், அடுத்து கப், ஒய்னா மஞ்சள், டபிள்யூன்னா வெள்ளை: கிங் ஆல்ஃப்ரட் 1 ஒய்-ஒய், ஐஸ் ஃபாலீஸ் 2 டபிள்யூ-டபிள்யூ. தப்பான கிளாஸ்ல வச்சா எவ்ளோ நல்ல பூவானாலும் ஜட்ஜ் கார்டுல என்ஏஎஸ்னு (ஷெட்யூல்படி இல்லன்னு அர்த்தம்) எழுதிட்டுப் போயிடுவார், அதனால ஷெட்யூலை, அதாவது ஷோவோட கிளாஸ் பட்டியலை, ரெண்டு தடவை படிங்க.

ஆரஞ்சு, சிவப்பு கப் வெயில்ல கருகிடும், நிழல் கட்டுங்க இல்லன்னா கொஞ்சம் முன்னாடியே பறிச்சு குளிர்ச்சியான ரூம்ல தண்ணில வச்சு விரிய விடுங்க. மண்ணு தூசி ஒட்டியிருந்தா சாஃப்ட் பிரஷ்ஷால தட்டி விடுங்க. ஜாடில பாசியை அடைச்சா தண்டு ஆடாம நிக்கும், வெளி மூணு இதழ்ல ஒண்ணு நேரா மேல பாக்கற மாதிரி திருப்புங்க.

மூணு பூ கிளாஸ்னா ஒண்ணு மட்டும் சூப்பரா இருந்து பிரயோஜனம் இல்ல, மூணும் ஒரே சைஸ் ஒரே பக்குவம் இருக்கணும். தண்டு சாறு சிலருக்கு அரிக்கும், கிளவுஸ் போட்டுக்கோங்க, டூலிப்போட அதே தண்ணில வைக்காதீங்க, டூலிப் சீக்கிரம் வாடிடும்.