பனியன் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே ‘ங்க’

திருப்பூர்ப் பக்கம் ஆள் எடுக்கும்போது யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. "சொந்த ஊர் எதுங்க? குலதெய்வம் எந்தக் கோயில்? என்ன கூட்டம் (குலப்பிரிவு)?" என்று சுற்றி வருவார்கள். ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்ட இந்த மூன்றும் வேண்டியதில்லை. ஓட்டத் தெரிந்த மெஷின், அனுபவம், கேட்கும் சம்பளம் இவற்றை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு, அதில் இல்லாததைக் கேட்க வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். வருகிற எல்லாருக்கும் ஒரே பீஸைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிப் பாருங்கள். "நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்" என்பதை மட்டும் நம்பினால் தையல் லைன் முழுக்க ஒரே ஊராகிவிடும். கேட்டில் ‘ஆள் தேவை’ என்று பலகையும் வையுங்கள்.

பிறகு, ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். டெய்லருக்கு ‘வாங்க’, உதவிக்கு நிற்கும் கைமடிப் பெண்ணுக்கு ‘வா புள்ள’, ஒடிசாக்காரருக்கு ‘டேய்’. மரியாதைக்குப் பேர்போன கொங்குத் தமிழில் இது நடப்பது வேதனை. ‘வடக்கன்’ என்ற சொல்லை நிறுத்தி, ஒவ்வொருவர் அட்டையிலும் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். கூப்பிட வாய் வரும்.

அறிவிப்பை இந்தியில் ஒட்டினால் போதாது. ஒடிசாவிலிருந்து வந்தவர் தாய்மொழி ஒடியா. பேச்சு இந்தி தெரிந்தாலும் பலருக்கு அதைப் படிக்க வராது. மெஷின் எச்சரிக்கையைப் படமாகவும், பீஸ் ரேட்டை (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) எண்ணாகவும் போடுங்கள். டீக்கு ஒரே மாதிரி டம்ளர், குடிக்க ஒரே குழாய்.

அதிகம் சறுக்குவது புகார்க் குழுவில்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தாலே பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் தலைமை, குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியாள் ஒருவர். முதலாளி வீட்டு உறவைத் தலைவியாக்கினால் ஒரு புகாரும் வராது. அதைப் பார்த்து ‘பிரச்சினையே இல்லை’ என்று நினைத்துக்கொள்வார்கள். வெளியாளின் பெயர் காகிதத்தில் மட்டும் இருந்தாலும் அதே கதி. புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. ஆகவே ஒடியா தெரிந்த பெண் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விசாரணைக்கு 90 நாள். கம்பெனி வேனில் நடந்ததும் இதில் அடங்கும். இது பல டிரைவர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு ஊர் போய்த் திரும்பாதவர்களை ஏன் வரவில்லை என்று 15 நாளில் போனில் கேளுங்கள். கேட்பது அவர்களுடைய சூப்பர்வைசராக இருக்கக்கூடாது. பதிலை லைன் வாரியாகக் குறித்தால், எந்த லைனிலிருந்து ஆள் கழல்கிறது, ஏன் என்று தெரியும்.