வெளிநாடு போகிறீர்களா? பிளக், சார்ஜர், அடாப்டர் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ கட்டுநாயக்காவுக்குப் புறப்படுகிற நாளில்தான் பலருக்கு அடாப்டர் ஞாபகம் வருகிறது. அவசரமாகக் கடைக்கு ஓடி, கிடைத்ததை வாங்கி, இனி எல்லாம் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் ரைஸ் குக்கரையும் அயனையும் சூட்கேசுக்குள் வைத்துவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை அது தொடவே தொடாது. முதல் தடவை போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும், பொருளும் கருகாது, காசும் வீணாகாது.

படி 1: பொருளில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்

உங்கள் போன் சார்ஜரைக் கையில் எடுத்து முள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கும். வாசிக்க முடியாவிட்டால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, இன்னொரு போனால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்புட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தச் சார்ஜர் எந்த நாட்டிலும் வேலை செய்யும், பிளக் பொருந்தினால் போதும். 220-240 என்று மட்டும் இருந்தால், நம் நாட்டு வோல்டேஜ் உள்ள இடங்களில் மட்டும்தான் சரிவரும்.

போன், லப்டொப், கேமரா சார்ஜர்கள் அநேகமாக முதல் வகை. ரைஸ் குக்கர், கேத்தல், அயன், மிக்சி, தலைமுடி காயவைக்கும் மெஷின் எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. முடி காயவைக்கும் மெஷின் சிலவற்றில் 115, 230 என்று மாற்றுகிற சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதைச் சரியான பக்கம் திருப்பிய பிறகுதான் பிளக் செய்ய வேண்டும். வயசானவர்களோடு போகிறவர்கள் நெபுலைசர் மெஷினின் எழுத்தையும் மறக்காமல் பாருங்கள்.

படி 2: போகிற நாட்டைப் பாருங்கள்

இலங்கையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய வீடுகளில் உருண்டை முள் போடுகிற பொயின்ட் இன்னும் இருந்தாலும், இப்போது நாட்டின் தரம் 13 ஆம்ப் சதுர முள்தான். கட்டார், டுபாய், குவைத், ஓமான், பஹ்ரைன், மலேசியா, சிங்கப்பூர், லண்டன் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் அங்கேயும் அதே சதுர முள், ஏறக்குறைய அதே வோல்டேஜ். வீட்டில் இருக்கும் 13 ஆம்ப் பிளக்கை அப்படியே கொண்டுபோகலாம்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ சவூதி போகிறவர்கள் கொஞ்சம் கவனம். அங்கும் சதுர முள்தான் தரம், ஆனால் பழைய கட்டடங்களில் அமெரிக்காவில் உள்ளது போன்ற தட்டை முள் பொயின்ட் இருக்கும், சில இடங்களில் அதில் வருவது 127 வோல்ட். போன் சார்ஜருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கேத்தலைப் பிளக் செய்ய முன் அறையைக் காட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் வோல்டேஜ் நம்முடையதே, 230. ஆனால் பொயின்ட் மூன்று உருண்டை முள்ளுக்கானது. வைத்தியத்துக்குச் சென்னை போகிறவரும் வேளாங்கண்ணி, நாகூர் போகிறவரும் சதுர முள்ளை உருண்டை முள்ளாக மாற்றும் அடாப்டர் ஒன்று எடுத்தால் போதும். பழைய 5 ஆம்ப் உருண்டை முள் பிளக் உள்ள பொருள் இருந்தால் அதுவும் தேவையில்லை.

ஐரோப்பாவில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'யூரோப் அடாப்டர்' என்று கடைக்காரர் தருவது பெரும்பாலும் ஜெர்மனிக்குப் பொருந்தும் தடித்த இரண்டு முள் உள்ளது. பிரான்சிலும் அது போகும், ருமேனியாவிலும் போகும், ஆனால் சுவிசில் போகாது. சுவிஸ் பொயின்டின் துளைகள் மெல்லியவை, பொயின்டே ஆறு பக்கக் குழிக்குள் இறங்கியிருக்கும், அதனால் உருண்டையான பெரிய தலை உள்ளே நுழையவே நுழையாது. மெல்லிய இரண்டு முள்ளும் தட்டையான ஒடுங்கிய உடலும் உள்ள பிளக் மட்டும் சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றிலும் பொருந்தும். ஆனால் அது 2.5 ஆம்புக்கு உரியது, போனுக்கும் லப்டொப்புக்கும் தாராளம், அயனுக்குக் கூடாது.

கொரியாவுக்கு வேலைக்குப் போகிற தம்பிமாருக்கு: 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், ஜெர்மன் வகைத் தடித்த முள். அவுஸ்திரேலியாவில் வோல்டேஜ் 230, முள் சாய்ந்த தட்டை முள். கனடாவும் அமெரிக்காவும் 120 வோல்ட், ஜப்பான் 100.

படி 3: அடாப்டர் வாங்குவது

காத்தான்குடி மெயின் வீதியிலோ மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ வாங்குங்கள், விமான நிலையம் வரை விட்டால் விலை கூடத்தான் இருக்கும். கடையிலேயே உங்கள் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஆடினாலோ சும்மா தொங்கினாலோ வேண்டாம், தளர்ந்த தொடுப்பில்தான் சூடேறி பிளாஸ்டிக் உருகும். எல்லா நாட்டுக்கும் என்று விற்கிற அந்தப் பெரிய கட்டை அடாப்டரில் பல நேரம் எர்த் தொடர்பு கிடையாது, போன் சார்ஜருக்கு அது பரவாயில்லை. உலோக உடல் கொண்ட அயனையும் கேத்தலையும் எர்த் இல்லாமல் பாவிக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு முள் சார்ஜரை 13 ஆம்ப் பொயின்டில் போட, மேலே உள்ள எர்த் துளைக்குள் பேனை மூடியையோ ஈர்க்கையோ குத்தித் திறக்கிற பழக்கம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, அதே பழக்கம் கட்டாரில் உள்ள அறை வரைக்கும் போகிறது. எர்த் முள் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பது காரணத்தோடுதான், அது முதலில் உள்ளே போய் கரண்ட் வருகிற துளைகளின் மூடியைத் திறக்கிறது. அந்த மூடி சின்னப் பிள்ளைகளின் விரலுக்கும் கம்பிக்கும் காவல். குச்சியால் அதைத் திறந்து செருகிய சார்ஜர் ஒழுங்காகப் பொருந்தாமல் தளர்ந்து சூடேறும், பியூசும் இல்லை. பியூஸ் உள்ள இரண்டு முள் அடாப்டர் ஒன்றை வாங்குங்கள், பெரிய செலவு இல்லை.

லப்டொப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலப வழி: சார்ஜர் பெட்டியிலிருந்து கழற்றக்கூடிய வயர்தானே, போன இடத்தில் அந்த நாட்டு முள் உள்ள வயரை மட்டும் வாங்கி மாற்றிவிடுங்கள். அப்புறம் அதற்கு அடாப்டரே வேண்டாம்.

படி 4: சூடாகிற சாமான்கள்

கனடா போகிறவர்கள் இதை நிதானமாக வாசியுங்கள். நம் 1000 வாட் அயனை அங்கே 120 வோல்டில் போட்டால் கிடைப்பது ஏறக்குறைய 270 வாட், அதாவது கால்வாசிக்குச் சற்று மேல். சேலை மடிப்பு நிமிராது, ரைஸ் குக்கரில் சோறு வேகாது. டிரான்ஸ்போமர் வைத்துப் பாவிக்கலாம்தான், ஆனால் 1000 வாட் தாங்குவது பல கிலோ பாரம், அந்த இடத்தில் மிளகாய்த்தூளும் கருவாடும் கொண்டுபோகலாம். ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் 110 வோல்ட் மிக்சியே விற்கிறார்கள், போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: பவர் பேங்க்

இதைச் சூட்கேசுக்குள் போட்டு லக்கேஜில் விடக் கூடாது, கைப்பையில் மட்டும். பேட்டரி எவ்வளவு கரண்டைப் பிடித்துவைக்கும் என்பதை வாட்-அவர் என்ற அளவில் சொல்வார்கள்; 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்குச் சுலபம்: 20,000 மில்லி ஆம்ப்-அவர் என்றால் 20 ஆம்ப்-அவர், அதை 3.7 வோல்டால் பெருக்க 74 வாட்-அவர். அளவு அழிந்துபோன பழையதைக் கொண்டுபோகாதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். விமானத்துக்குள் பாவிப்பதற்கும் இப்போது தடைகள் வந்துவிட்டன, எமிரேட்ஸ் 2025 ஒக்டோபரிலிருந்து அனுமதிப்பதில்லை. டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

முதலில் சார்ஜரை அடாப்டரோடு சேர்த்து, பிறகு இரண்டையும் சுவரில் செருகுங்கள். ஒரு பத்து நிமிஷம் கழித்துக் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு வழக்கமானதுதான், தொட முடியாத சூடும் கருகல் மணமும் வந்தால் பொயின்டின் ஸ்விட்சை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். ஸ்விட்ச் இல்லாத பொயின்ட் பல நாடுகளில் உண்டு, அங்கே அறையின் மெயினை நிறுத்துவதுதான் நல்லது. அறையில் நாலைந்து பேர் என்றால் ஒரு அடாப்டரில் நம் ஊர் மல்டி பிளக் ஒன்றைப் போட்டு எல்லோருடைய போனையும் சார்ஜ் பண்ணலாம், அதில் கேத்தலை மட்டும் சேர்க்க வேண்டாம்.

ஊருக்குத் திரும்பும்போதும் இதே கவனம் வேண்டும். கனடாவிலிருந்து அக்காவுக்கு என்று கொண்டுவருகிற 120 வோல்ட் கேத்தலை இங்கே 230இல் போட்டால் அது இழுப்பது ஏறக்குறைய மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட வாட், சில நொடியிலேயே கருகும், தீயும் பிடிக்கலாம். அங்கே வாங்கும்போதே அடியில் உள்ள எழுத்தைப் பாருங்கள், 120 என்று மட்டும் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.