மெத்தனாலிலிருந்து ஹைட்ரோகார்பன்: ஆய்வுத் தகவல்களைக் கட்டணமின்றித் தேடிப் பெறும் முறை

சூடான மெத்தனால் ஆவியை, நுண்துளைகள் கொண்ட படிகமான ஜியோலைட் வகை வினையூக்கியின் வழியே செலுத்தினால், அது நீரை இழந்து, வினையூக்கிக்கும் வெப்பநிலைக்கும் ஏற்பப் பெட்ரோலாகவோ எத்திலீன், புரொப்பிலீன் போன்ற ஒலிஃபின்களாகவோ, அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்களாக, மாறுகிறது. 1970-களில் மொபில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்த இவ்வினையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் கணிசமான பகுதி, சந்தா செலுத்தியவர்க்கே திறக்கும் ஆய்விதழ்களில் இருக்கிறது. ஆயினும் அரசுப் பணத்தில் நடந்த பெரிய சோதனைகளின் அறிக்கைகள், காப்புரிமை ஆவணங்கள், பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். செய்முறை விவரங்களைப் பொறுத்தவரை இவை பல இடங்களில் ஆய்விதழ்க் கட்டுரைகளைவிட விரிவானவை.

தேடத் தொடங்குமுன் துறையினர் புழங்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆவணங்களில் மிகுதியானவை ஆங்கிலத்தில் இருப்பதால், தேடுசொற்களையும் ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். ‘மெத்தனால் டு ஹைட்ரோகார்பன்ஸ்’ என்பது பொதுப்பெயர், பெட்ரோலுக்கு எம்.டி.ஜி., ஒலிஃபின்களுக்கு எம்.டி.ஓ., புரொப்பிலீனுக்கு எம்.டி.பி. என்பவை சுருக்கப்பெயர்கள். சுருக்கப்பெயரை மட்டும் தனியாக இடுவது பயன் தராது. எடுத்துக்காட்டாக, மெத்தில்ட்ரைஆக்ஸோரீனியம் என்ற வேறொரு சேர்மத்தையும் வேதியியலார் எம்.டி.ஓ. என்றே எழுதுவர். ஆகவே, அதனுடன் இசட்.எஸ்.எம்-5 (ZSM-5) அல்லது சாப்போ-34 (SAPO-34) என்ற வினையூக்கிப் பெயரைச் சேர்த்திடுவது நல்லது. வினை நிகழும் வழியை அறிய விரும்புவோர் ‘ஹைட்ரோகார்பன் பூல்’, ‘டூயல் சைக்கிள்’ என்ற தொடர்களையும், பெட்ரோலின் தரத்தைப் பற்றித் தேடுவோர், குளிரில் உறைந்து தொல்லை தரும் விளைபொருளான ‘டியூரீன்’ (durene) என்ற சொல்லையும் பயன்படுத்தலாம்.

முதலில் செல்ல வேண்டிய இடம், என் கருத்தில், அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவியல் தகவல் களஞ்சியமான ஓ.எஸ்.டி.ஐ. தளமாகும். 1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்த காலத்தில் அந்நாட்டு அரசு இத்தொழில்நுட்பத்துக்குப் பணம் ஒதுக்கியதால், ஒப்பந்தப்படி எழுதப்பட்ட நீண்ட அறிக்கைகள் அங்கே சேர்ந்துள்ளன. ஜெர்மனியின் வெசெலிங் நகரில் 1980-களில் நாளொன்றுக்கு 100 பீப்பாய் அளவில் இயங்கிய செயல்விளக்க ஆலையைப் பற்றிய ஆவணங்களை இவ்வகையில் குறிப்பாகத் தேடிப் பார்க்க வேண்டும். வினையூக்கித் துகள்கள் வாயுவோட்டத்தில் மிதக்கும் உலை அங்கே சோதிக்கப்பட்டது. சிறிய ஆய்வகக் குழாயில் கிடைத்த முடிவு பெரிய உலையில் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய இத்தகைய அறிக்கைகளே துணை. பழைய அறிக்கைகள் தாளிலிருந்து நகலெடுக்கப்பட்டவை என்பதால் அவற்றின் உள்ளே சொல்தேடல் பல வேளைகளில் தவறிவிடும்; எனவே தலைப்புச் சொல், ஒப்பந்த நிறுவனத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேடி, பொருளடக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே நம்பகமான வழி. பொருளாதாரக் கணக்கை நாடுவோர், மரத்திலிருந்து வாயு, மெத்தனால் வழியாகப் பெட்ரோல் பெறுவதைப் பற்றி அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையைத் தவறவிடக் கூடாது. பாய்வுப் படங்கள், பொருட்சமநிலை, செலவு மதிப்பீடு யாவும் அதில் உள்ளன.

அடுத்து காப்புரிமைகள். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் ஆகிய இரண்டுமே இலவசம். இசட்.எஸ்.எம்-5 வினையூக்கிக்கான 1972-ஆம் ஆண்டின் அமெரிக்கக் காப்புரிமை எண் 3702886. சாப்போ வகைப் பொருள்களுக்கானது 1984-இல் வழங்கப்பட்ட 4440871. இவற்றைத் திறந்து, பின்னாளில் இவற்றை மேற்கோள் காட்டிய காப்புரிமைகளின் பட்டியலைப் பின்தொடர்ந்தால் துறையின் வளர்ச்சி முழுவதும் புலப்படும். வகைப்பாட்டு எண்ணைக் கொண்டு தேடுவோர்க்கு, ஆக்சிஜன் சேர்மங்களிலிருந்து ஹைட்ரோகார்பன் பெறுவதற்கான சி07சி 1/20, அவற்றிலிருந்து திரவ எரிபொருள் கலவை பெறுவதற்கான சி10ஜி 3/00 ஆகியவை உதவும். காப்புரிமையின் உரிமைக்கோரல் பகுதி வேண்டுமென்றே அகலமாக எழுதப்படுவது. செய்து பார்த்த அளவுகளும் வெப்பநிலைகளும் எடுத்துக்காட்டுப் பகுதியில்தான் இருப்பதால், அதையே முதலில் படிக்க வேண்டும்.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கும் சட்டப்படியான இலவச வழிகள் உண்டு. சாங், சில்வெஸ்ட்ரி ஆகிய இருவர் 1977-இல் ‘ஜர்னல் ஆஃப் கேட்டலிஸிஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைக் கூகுள் ஸ்காலரில் கண்டு, அதை மேற்கோள் காட்டியவற்றுக்குள் சென்று, ‘ரிவியூ’ என்ற சொல்லால் வடிகட்டினால், சில நிமிடங்களில் மீளாய்வுக் கட்டுரைகள் கைக்கு வரும். ஒவ்வொன்றின் கீழும் உள்ள எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பைத் திறந்தால், ஆசிரியர் தம் பல்கலைக்கழகத்தில் வைத்துள்ள கைப்படி கிடைக்கக்கூடும். அன்பேவால் (Unpaywall) என்ற உலாவி நீட்சியும் கோர் (CORE) தளமும் இதே வேலையைச் செய்கின்றன. இவ்வினையின் வழிமுறையை ஆழமாக ஆராய்ந்த குழுக்களுள் ஒன்று ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதன் டுவோ களஞ்சியத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தேடலாம். கட்டுரையில் ஒரு பத்தியில் சுருங்கிவிடும் கருவி அமைப்பு, ஆய்வேட்டில் ஓர் இயலாகவே விரியும். எங்கும் கிடைக்காத கட்டுரையைத் தொடர்பு ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பது முறையானதே.

வினையூக்கியின் கட்டமைப்பைப் பார்க்கப் பன்னாட்டு ஜியோலைட் சங்கத்தின் கட்டமைப்புத் தரவுத்தளம் போதும். அங்கே இசட்.எஸ்.எம்-5 எம்.எஃப்.ஐ. என்றும், சாப்போ-34 சி.எச்.ஏ. என்றும் கட்டமைப்புக் குறியீடுகளில் பதிவாகியுள்ளன.

இவ்வாறு திரட்டிய எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஆபத்தானது. எடையில் 32 பங்கு மெத்தனாலில் 18 பங்கு நீராகப் பிரிந்தால் எஞ்சுவது 14 பங்கே. அதாவது 100 கிலோ மெத்தனாலிலிருந்து சுமார் 44 கிலோ ஹைட்ரோகார்பனும் 56 கிலோ நீரும் வரும். ஓர் ஆவணம் 80 விழுக்காடு ஒலிஃபின் என்று சொன்னால், அது மெத்தனாலின் எடையில் கணக்கிட்டதாக இருக்க முடியாது. கார்பன் அடிப்படையிலோ உருவான ஹைட்ரோகார்பனின் எடையிலோ கணக்கிட்டதாகவே இருக்கும். இடையில் தோன்றும் டைமெத்தில் ஈதரைச் சிலர் விளைபொருளாகவும் சிலர் வினைபடாத மூலப்பொருளாகவும் எண்ணுவதால், மெத்தனால் எவ்வளவு வினைபட்டது என்ற மாற்ற விழுக்காடும் அதற்கேற்ப மாறிவிடும். வினையூக்கியின் மேல் கரி படிந்து அதன் திறன் குறைந்துகொண்டே போவதால், ஓட்டத்தின் எத்தனையாவது மணியில் அளந்தார்கள் என்பதும் தெரிந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆவணத்துக்கும் வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கியின் எடைக்கு மணிக்கு எவ்வளவு மெத்தனால் செலுத்தப்பட்டது, அளந்த நேரம், கணக்கிட்ட அடிப்படை ஆகியவற்றை ஓர் அட்டவணையில் எழுதி, இவற்றுள் ஏதேனும் குறிப்பிடப்படாதிருந்தால் அந்த எண்ணை ஒப்பீட்டில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும்.