மோட்டருக்கு எர்த் ஃபோல்ட் செட்டிங்: கூட்டி விட முன்னம்

வாடைக் காற்றும் மழையும் தொடங்கிய கிழமை. திருகோணமலையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கம்ப்ரசர் மோட்டரைப் போடும்போதெல்லாம் எர்த் ஃபோல்ட் ரிலே (செட்டிங் என்று வைத்த அளவுக்கு மேல் கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் மோட்டரை வெட்டிவிடும் கருவி) விழுந்தது, அதாவது மோட்டரை வெட்டியது. வெளியே மீன் லொறிகள் ஐஸுக்குக் காத்து நின்றன. "அண்ணை, செட்டிங்கைக் கொஞ்சம் கூட்டி விடுவமா?" என்று கேட்டார் அங்கே வேலை செய்யும் தம்பி.

நான் அதிகம் காணும் தவறு இதுதான். ரிலே விழுந்தால் முதலில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரை எடுங்கள். கடற்காற்றும் ஈரமும் ஏறிய மோட்டர் உண்மையாகவே கசியக்கூடும். அப்போது செட்டிங்கைக் கூட்டினால் வைண்டிங் எரிய வழி விட்டதாகிவிடும்.

அன்று மெகரில் மோட்டரும் கேபிளும் நன்றாகவே இருந்தன. ஏமாந்தது ரிலேதான். மூன்று பேஸுக்கும் மூன்று சீடி (கரண்டை அளக்கும் வளைய ட்ரான்ஸ்ஃபோமர், CT) போட்டு, அவற்றின் கூட்டலை (கசிவில்லாவிட்டால் அது பூச்சியம்) ரிலேக்குக் கொடுத்திருந்தார்கள். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டர் முழுச்சுமைக் கரண்டைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். அந்த நேரம் மூன்று சீடியும் ஒரே மாதிரிச் சச்சுரேட் ஆவதில்லை, அதாவது காந்தம் நிரம்பி அளவு தவறுவது மூன்றிலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. நிலத்துக்கு எதுவும் போகாமலே கூட்டலில் கரண்ட் தெரியும். இந்த முறையில் சீடி அளவின் 10 முதல் 20 சதவீதம் வைத்து, தாமதமோ, ரிலே வீணாக விழாமல் தடுக்கும் ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டரோ சேர்ப்பது வழக்கம். 100/5 சீடி (100 ஆம்பியரை 5 ஆம்பியராக்கித் தருவது) என்றால் அது 10 முதல் 20 ஆம்பியர். அதற்குக் கீழே கசிவது அந்த ரிலேயின் கண்ணில் படாது.

அதனால்தான் மூன்று பேஸும் ஒன்றாக நுழையும் ஒற்றை வளையச் சீடியை, அதாவது கோர் பேலன்ஸ் சீடியை, நான் விரும்புகிறேன். 1 ஆம்பியரும் அதற்குக் குறைவும்கூட வைக்கலாம். ஆனால் பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேபிள் ஆர்மரோடு (மேலே சுற்றிய உலோகக் கவசத்தோடு) வளையத்துக்குள் போனால், ஃபோல்ட் கரண்ட் பேஸ் வயரில் போய் ஆர்மரில் திரும்பும். வளையத்துக்குள் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ரிலே பேசாமல் இருக்கும். ஆர்மரின் எர்த் வயரை வளையத்துக்குள்ளால் திருப்பி எடுத்துத்தான் எர்த் பாரில் கட்ட வேண்டும். கேபிளுக்குள் தனி எர்த் கோர் இருந்தால் அதை வளையத்துக்கு வெளியே விடுங்கள்.

சொந்த ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள இடங்களில் இன்னொரு சங்கதி. அங்கே எர்த் ஃபோல்ட் கரண்ட் ஆயிரக்கணக்கான ஆம்பியருக்குப் போகலாம். மோட்டரைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான கொன்டாக்டரை ரிலே தாமதமே இல்லாமல் திறக்க வைத்தால், அதனால் வெட்ட முடியாத கரண்டை வெட்டப் போய் அதுவே வெடிக்கும். ஃபியூஸோ பிரேக்கரோ முந்துகிற அளவுக்குச் சிறு தாமதம் வையுங்கள்.

கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துச் சிறு அரிசி ஆலை ஒன்றுக்குத் தெருக் கம்பியிலிருந்து கரண்ட் வருகிறது, எர்த்துக்கு நிலத்தில் அடித்த கம்பி மட்டும்தான் என்றால் கதை நேர்மாறு. எர்த் கம்பி 10 ஓம் என்று வையுங்கள்: 230 வோல்ட்டில் 23 ஆம்பியருக்கு மேல் ஓடாது. 32 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. மோட்டர் உடலில் கரண்ட் நிற்கும், தொடுபவருக்கு அடிக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மணல் காய்ந்தால் அந்த ஓம் இன்னும் ஏறும். இங்கே எர்த் ஃபோல்ட் ரிலே இல்லாமல் சரிவராது. 300 மில்லிஆம்பியர் வைத்தால், தொடு வோல்ட்டேஜ் 50ஐத் தாண்டாமல் இருக்க எர்த் 166 ஓமுக்குள் இருந்தால் போதும்.

வேகக் கட்டுப்பாட்டு ட்ரைவ் உள்ள மோட்டருக்கு 30 மில்லிஆம்பியர் ரிலே போட்டு, அது ஓயாமல் விழுகிறதென்று கடைசியில் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். ட்ரைவின் ஃபில்டரும் நீளமான கேபிளும் இயல்பாகவே அவ்வளவு கசியவிடும். அங்கே டைப் பி ரகத்தில் (டீசி கசிவையும் உணர்வது) 300 மில்லிஆம்பியர் போடுங்கள்.

அப்புறம் சோதனை. டெஸ்ட் பொத்தான் ரிலேயை மட்டும் சோதிக்கும். வளையத்துக்குள் தனி வயர் விட்டுக் கரண்ட் அனுப்பினால் வளையமும் சேர்ந்து சோதிக்கப்படும். ஆர்மர் தவறு அதிலும் அகப்படாது. மெயினை வெட்டிப் பூட்டிவிட்டு, மோட்டர் பெட்டியில் கேபிளின் ஒரு கோரை (ஒரு பேஸ் வயரை) மோட்டர் உடலோடு இணைத்து, ஸ்டார்ட்டர் பக்கமிருந்து அந்தக் கோரில் குறைந்த வோல்ட்டில் கரண்ட் அனுப்பி எர்த் வழியே திரும்ப விடுங்கள். நீங்கள் வைத்த அளவில் ரிலே விழ வேண்டும். விழாவிட்டால் கேபிள் பெட்டிக்குள் நுழையும் க்ளாண்ட் பக்கம் போய் எர்த் வயர் எதற்குள்ளால் போகிறதென்று பாருங்கள்.