பழைய ரிமோட் கார் பக்கிய (buggy) நாலு வீல் டிரைவ் ஆக்குறது எப்படி

1984-ல வந்த டாமியா ஹார்னெட்ங்கிற ரிமோட் பக்கிக்கு பின்வீல் மட்டும்தான் இழுக்கும், அரியமான் பீச் பொடிமணல்ல விட்டா புதைஞ்சு நின்னுரும். அதோட கியர்பாக்ஸ்ல முன்னாடிக்கு பவர் எடுக்க வழியே இல்ல, அதனால ஓடாத நாலு வீல் டிரைவ் ரிமோட் வண்டி ஒண்ண தேடிப்புடிச்சு ரெண்டு கியர்பாக்ஸையும் நடு ஷாப்டோட கழட்டி, சேஸிஸ வெட்டி உக்கார வைங்க, ஷாப்ட் கோணலா இருந்தா ஜாயிண்ட் சீக்கிரம் தேஞ்சுரும்.

டயர் நாலும் ஒரே சைஸ் போடுங்க, ஹார்னெட்டுக்கு முன்டயர் சின்னது, அப்படியே விட்டா முன்னும் பின்னும் மல்லுக்கட்டி கியர் பல்லுதான் போகும்.

மோட்டார் மாட்டுறதுக்கு முன்னாடி வண்டிய தூக்கிப்புடிச்சு பின்வீல் ரெண்டையும் சேத்து கையால முன்னாடி சுத்துங்க. முன்வீல் ரிவர்ஸ்ல சுத்துதா? முன் டிஃபரன்ஷியல (ரெண்டு பக்க வீலுக்கும் பவர பிரிச்சுக் குடுக்குற கியர்) திருப்பிப்போட்டா சரியாகும், ஆனா எல்லா கியர்பாக்ஸும் அதுக்கு இடம்கொடுக்காது, வாங்கும்போதே பாத்துக்கோங்க.

அச்சு சுத்துற எடத்துல இருக்குற புஷ்ஷுக்கு (வெறும் வளையம்) பதிலா ரப்பர் சீல் பேரிங் போடுங்கப்பா, நம்மூரு உப்புக்காத்து சும்மா விடாது. ஓட்டி முடிச்சா பேட்டரி, ரிசீவர (ரிமோட் சிக்னல வாங்குற பெட்டி) கழட்டிட்டு நல்ல தண்ணில அலசி, காயவச்சு, எண்ணெய் விடுங்க.