டர்பனுக்கு வந்தாச்சா? க்ரூகர் இருக்கட்டும், முதலில் குவாசூலு-நட்டாலைச் சுற்றுங்கள்

வேலைக்கோ படிப்புக்கோ தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்குகிற நம்மாட்கள், வீட்டில் கேஸ் அடுப்பு பற்ற வைத்த மறுநாளே கேட்பது "க்ரூகருக்கு எப்போ போகலாம்?" என்றுதான். போகலாம், அது ஓடிப்போகாது. ஆனால் அந்த வனவிலங்குப் பூங்கா வேறு மாகாணங்களில் இருக்கிறது, ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். நீங்கள் குடியிருக்கிற குவாசூலு-நட்டாலிலேயே சிங்கம், யானை, எருமை, சிறுத்தை, காண்டாமிருகம் ஐந்தும் உண்டு; மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அப்புறம் மலை, கடல், போர்க்களம், நம்மவர்கள் கரும்பு வெட்டிய ஊர்கள். முதல் வருடத்துக்கு இந்த மாகாணமே தாராளமாகப் போதும்.

பருவங்கள் இங்கே தலைகீழ் என்பதை மனதில் வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், மழை குறைவு, புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீர் இருக்கும் இடம் தேடி வரும். காட்டுக்கு அதுதான் காலம். டிசம்பர், ஜனவரியில் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துக் காட்டைக் காட்டலாம் என்று திட்டம் போடுபவர்கள், புழுக்கத்தையும் ஆளுயரப் புல்லையும் சேர்த்தே பார்ப்பார்கள். போதாக்குறைக்கு அப்போதுதான் ஜோகன்னஸ்பர்க் மொத்தமும் டர்பன் கடற்கரைக்கு இறங்கி வரும், அறை கிடைப்பது பெரும்பாடு.

முதல் பயணம் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி. 1895-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்புக்காடுகளில் ஒன்று. அதற்கும் முன்னால் சூலு மன்னர் ஷாகாவின் வேட்டைக் காடு. கறுப்பு இம்ஃபோலோசி, வெள்ளை இம்ஃபோலோசி ஆறுகள் கூடும் இடத்தருகே, விலங்குகளை விரட்டி விழவைக்கத் தோண்டிய குழிகளின் தடம் பற்றி வழிகாட்டிகள் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் குறைவாகத் தேய்ந்து, கிட்டத்தட்ட இந்த ஒரு காட்டில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. 1960-களில் இயன் ப்ளேயரும் அவரோடு இருந்த வனக் காவலர்களும் அவற்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காடுகளுக்கும் நாடுகளுக்கும் அனுப்பிப் பெருக்கினார்கள். இன்று உலகில் எங்கே நீங்கள் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் பூர்வீகம் இங்கேதான். அதே காட்டில் 2024-இல் கடத்தல்காரர்களுக்குப் பயந்து கொம்பை வெட்டிவிட வேண்டிய நிலை வந்தது. அதனால் கொம்பில்லாமல் மொட்டையாக நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். முக்கியமாக, காண்டாமிருகத்தைப் படம் எடுத்தால் எந்த வளைவில், எந்தக் குளத்தருகே என்று வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், போனில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள். நமக்கு அது ஸ்டேட்டஸ், கடத்தல்காரனுக்கு அது முகவரி.

டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வடக்கே போய் ம்டுபாடுபாவில் திரும்பினால் ந்யாலாசி வாயில். சொந்தக் காரிலேயே உள்ளே ஓட்டலாம், சாதாரண சின்னக் காரே போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 5 மணிக்கும் மற்ற மாதங்களில் 6 மணிக்கும் திறக்கிறார்கள். கதவு திறக்கும்போதே அங்கே நில்லுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் மரத்தடியில் படுத்திருக்கும் எருமை முதுகைத்தான் பார்ப்பீர்கள். வேகம் 40-க்கு மேல் கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் கீழே இறங்கக் கூடாது, கண்ணாடி வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி செல்ஃபி எடுப்பதும் இறங்குவதில்தான் சேர்த்தி. யானை பாதையில் நின்றால் பாதை யானையுடையது. ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் பின்னால் எடுங்கள். நுழைவுக் கட்டணம் உள்ளூர்வாசிக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று, வித்தியாசம் நிறைய. அதனால் இங்கே வசிப்பதற்கான ஆவணங்களைக் கையோடு வைத்துக்கொண்டு, வாயிலில் எந்தக் கட்டணம் பொருந்தும் என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம், சைவக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஹில்டாப், ம்பிலா முகாம்களில் சமையலறையோடு கூடிய குடில்கள் கிடைக்கும். அரிசியும் பருப்பும் டர்பனிலேயே கட்டிக்கொண்டு போனால் ரசம் சோறே வைத்துக்கொள்ளலாம். ம்பிலாவுக்கு வேலி கிடையாது, இரவில் கழுதைப்புலி வாசல் வரை வரும். குழம்புச் சட்டியை வெளியே கழுவ வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், சின்னப் பிள்ளைகளை இருட்டில் தனியே விடாதீர்கள். குரங்குகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பழனி மலைக் குரங்குக்கு இவை சளைத்தவை அல்ல.

அங்கிருந்து அரை நாள் மிச்சமிருந்தால் செயின்ட் லூசியா. இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா 1999-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. படகில் ஏறினால் நீர்யானையும் முதலையும் கிட்டத்தில் பார்க்கலாம். இருட்டியபின் நீர்யானைகள் ஊருக்குள் தெருவிலேயே மேயும்; பலகை வைத்திருக்கிறார்கள், வேடிக்கைக்கு இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் காலாற நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் அன்று ஒருநாள் அதைத் தியாகம் செய்யுங்கள். இன்னும் வடக்கே மொசாம்பிக் எல்லைப் பக்கம் போவதானால் மலேரியாவுக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இது சூலு மக்களின் மண். கடையிலோ வாயிலிலோ பெட்ரோல் பங்கிலோ எடுத்தவுடனே "எவ்வளவு, எங்கே" என்று ஆரம்பிப்பது இங்கே மரியாதைக் குறைவு. முதலில் "சவுபோனா", அப்புறம் நலம் விசாரிப்பு, அதற்குப் பிறகே விஷயம். பெரியவர்களில் ஆண்களை "பாபா" என்றும் பெண்களை "மா" என்றும் கூப்பிடலாம். எதையாவது வாங்கும்போது வலது கையை நீட்டி இடது கையால் தாங்கிக்கொண்டால் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். ஷாகாவின் நினைவிடம் இருக்கும் குவாடுகூசா டர்பனிலிருந்து ஒரு மணி நேரம்தான். செப்டம்பர் 24 விடுமுறையை இங்கே பலர் இன்னும் ஷாகா நாள் என்றே சொல்வார்கள்.

வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இசாண்ட்ல்வானாவுக்குக் கட்டாயம் போங்கள். 1879 ஜனவரி 22 அன்று ஈட்டியும் கேடயமும் ஏந்திய சூலுப் படை, துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த பிரிட்டிஷ் முகாமை ஒரே பகலில் அழித்த இடம். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் உலுண்டியில் சூலுப் பேரரசு வீழ்ந்தது வேறு கதை. வழிகாட்டி இல்லாமல் போனால் ஒரு குன்று, புல்வெளி, வெள்ளையடித்த கற்குவியல்கள், அவ்வளவுதான் தெரியும். காசைப் பார்க்காமல் உள்ளூர் சூலு வழிகாட்டியை அமர்த்துங்கள், குன்றின் எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தார்கள் என்று அவர் கை காட்டும்போதுதான் இடம் புரியும்.

அப்படியே டண்டியில் தங்கினால் நியூகாசில் பக்கம்தான். 1913-இல் காந்தியின் போராட்டக்காரர்கள், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மேல் போட்ட மூன்று பவுண்டு வரிக்கு எதிராக நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இறக்கியது அங்கே. போராட்டத் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடுவோடு போய்ப் பேசியவர்களில் தமிழ்ப் பெண்கள் நிறைய. கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவர்களும் உண்டு. தில்லையாடி வள்ளியம்மை அடைக்கப்பட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில், விடுதலையாகிக் காய்ச்சலோடே 1914 பிப்ரவரியில் இறந்தாள், பதினாறு வயது. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷனைப் பார்க்க எல்லோரும் அந்த ஊருக்குப் போகிறார்கள், இவளை நினைப்பவர்கள் குறைவு.

டர்பன் தமிழர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், பெரும்பகுதி கரும்புத் தோட்டங்களுக்கு. அவர்களின் பேரப்பிள்ளைகளான நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி குடும்பங்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். "தமிழ் தெரியாதா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வைக்காதீர்கள், சாதியைத் துருவவே துருவாதீர்கள். நீங்கள் தமிழ் பேசலாம்; ஆனால் தைப்பூசக் காவடியையும் ஆடி மாதக் கூழையும் நூற்றறுபது வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். தோட்டத்தில் லீவு கிடைத்த நாளில்தான் சாமி கும்பிட முடிந்தது, அதனால்தான் ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டருக்குக் கூட்டம் பொங்கி வழிகிறது. ஆண்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டுப் போய் உட்கார்ந்தால் போதும், இலை போட்டுவிடுவார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயில், டர்பன் நகரத்துக்குள் 1860 பாரம்பரிய மையம், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு மதியம் பீன்ஸ் பன்னி சவ் சாப்பிடுங்கள்: கால் ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றித் தருவார்கள். காரம் நம்மூர்க் காரம்தான்.

சாலை விஷயம். இடது பக்கம் ஓட்டுவதால் பழகிவிடும். இரவில் கிராமப்புறச் சாலையில் ஓட்டாதீர்கள். மாடுகள், பள்ளங்கள், அப்புறம் வழிப்பறி, மூன்றும் உண்டு. பொழுது சாயும் முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது கைப்பை இருக்கையில் இருக்கக் கூடாது. வண்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் பெட்ரோல் போடுபவருக்கும் சில ராண்ட் சில்லறையாக வைத்திருங்கள்.

மலைக்குப் போவதானால் டிராக்கன்ஸ்பெர்க், என்3 நெடுஞ்சாலை வழியாக. ஜயன்ட்ஸ் காசிலிலும் காம்பெர்கிலும் சான் மக்கள் தீட்டிய பாறை ஓவியங்களை வழிகாட்டியோடுதான் பார்க்க விடுவார்கள், தொடக் கூடாது. கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், நடைப்பயணத்தைக் காலையிலேயே முடித்துக் கீழே இறங்குங்கள். குளிர்காலத்தில் பனி விழும், டர்பன் வெயிலை நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். சானி பாஸ் ஏறி லெசோத்தோவில் ஒரு காபி குடிக்கலாம் என்று நண்பர்கள் கூப்பிடுவார்கள். அது வேறு நாடு, பாஸ்போர்ட் வேண்டும், ஃபோர்-பை-ஃபோர் வண்டி வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு லெசோத்தோ விசா தேவையா, உங்கள் தென்னாப்பிரிக்க விசாவில் திரும்ப உள்ளே வர அனுமதி இருக்கிறதா என்று இரண்டையும் வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், எல்லைச் சாவடியில் நின்றுகொண்டு அல்ல.