பணி ஓய்வுக்குப் பின் முதல் ஆறு மாதங்களில் மனத்தைப் பழக்கிக்கொள்வது எப்படி?

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுபவருக்கு மாலையும் சால்வையும் சார்த்தி, நாலு பேர் மேடையேறிப் பாராட்டி, காரில் வீடு வரை கொண்டுவந்து விட்டுச் செல்கிறார்கள். ஊரே வாழ்த்தும் ஒன்றை இழப்பு என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அது இழப்புத்தான். 1967-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களான தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் கொடுத்துப் பட்டியலிட்டபோது, துணைவரின் மரணத்துக்கு 100 என்றும், திருமணத்துக்கு 50 என்றும், பணி ஓய்வுக்கு 45 என்றும் வைத்தார்கள். திருமணத்துக்கு நாம் மாதக்கணக்கில் ஆயத்தமாகிறோம்; ஓய்வுக்கோ ஓய்வூதியம் கேட்டு அனுப்பும் கருத்துரு என்ற தாள்களை மட்டுமே தயார் செய்கிறோம்.

இந்தத் தவற்றை நானும் செய்தேன். எனக்கு 58 வயது நிறைந்தது 2020 மே மாதத்தில். அந்த மாதமே தமிழ்நாடு அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் அதை 60 ஆக உயர்த்தியது. இவ்வாறு கேளாமல் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் பணிப் பதிவேட்டைச் சரிபார்த்தேன், வாரிசு நியமனத்தைப் புதுப்பித்தேன், மனத்தைப் பற்றி நினைக்கவேயில்லை. 2022 ஜூன் 1, புதன்கிழமை காலையில், வட்டாட்சியராக இல்லாத முதல் நாளில், குளித்துவிட்டுத் தேய்த்த சட்டையைப் போட்டு, பச்சை மை பேனாவைப் பையில் குத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று மனைவி கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. அன்று என்னைத் தேடி வந்தவர் எரிவாயு உருளை கொண்டுவந்த இளைஞர் ஒருவரே. அவரும் செல்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்டாரேயொழிய, கையெழுத்தைக் கேட்கவில்லை.

எதை இழந்தோம் என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்

"வேலை போய்விட்டது" என்று மொத்தமாக நினைத்தால் மருந்து கிடைக்காது. ஒருவருக்குப் போனது பதவியின் மதிப்பு. இன்னொருவருக்குப் பதினொரு மணித் தேநீரும் அதைச் சுற்றிய பேச்சும். மற்றொருவருக்கு வீட்டுச் சச்சரவிலிருந்து நாள்தோறும் கிடைத்த எட்டு மணி நேர விடுதலை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளுக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், யாருக்கும் காட்டாமல், அழகு பார்க்காமல் எழுதுவது நல்ல வழி. 1980-களில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஆய்வுகளில் பயன்படுத்திய முறை இது. எழுதி முடித்தவுடன் மனம் சற்றுக் கனப்பது இயல்பு என்பதால், படுக்கப் போகும் நேரத்தில் எழுத வேண்டாம்.

நான் எழுதியபோது, மூன்றாம் நாளில்தான் விஷயம் வெளியே வந்தது: அதிகாரத்தை விட, மனுவோடு வாசலில் காத்திருக்கும் மனிதர்களைத்தான் நான் தேடியிருக்கிறேன். அதன் பின் வாரத்தில் இரண்டு காலை வேளைகள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். தேநீர்ப் பேச்சை இழந்தவருக்கு இது உதவாது; அவருக்குத் தேவை காலை நடையில் கூட வரும் நாலு பேர்.

எழும் நேரத்தை மாற்றக் கூடாது. வாரத்தில் இரண்டு நாளாவது, குறித்த நேரத்தில், வீட்டுக்கு வெளியே, நம்மை எதிர்பார்த்து ஒருவர் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்; "நேரம் கிடைக்கும்போது போகலாம்" என்று விட்டது எதுவும் நடப்பதில்லை. ஓய்வூதிய வேலை தவிர, பழைய அலுவலகத்துக்கு மூன்று மாதமாவது போகாதிருப்பது நலம். முதல் முறை நாற்காலியும் தேநீரும் வரும். இரண்டாம் முறை தேநீர் மட்டும் வரும். மூன்றாம் முறை, பாவம், அவர்களுக்கும் வேலை இருக்கிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலக மனம் வராவிட்டால், ஒலியையாவது அடக்கி வைக்கலாம்.

வீடும் மாறுகிறது

முப்பது ஆண்டுகளாகக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை வீடு இல்லத்தரசியின் நிர்வாகத்தில் இருந்திருக்கிறது. அங்கே திடீரென்று ஒருவர் நுழைந்து, மளிகைக் கணக்கையும் குழம்பில் போடும் புளியின் அளவையும் ஆய்வு செய்யத் தொடங்கினால், இல்லத்தரசியின் அன்றாடமும் குலைகிறது என்பதை ஆண்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு வேலையை முழுமையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காய்கறி வாங்குவது என்றால் வாங்கி, கழுவி, எடுத்து வைப்பது வரை. மற்றவற்றில் கருத்துச் சொல்லாமலிருப்பதே பேருதவி.

பெண் ஊழியருக்கோ சிக்கல் வேறு விதமானது. "இனி வீட்டில்தானே இருப்பீர்கள்" என்று பேரக்குழந்தையும் மூன்று வேளைச் சமையலும் கேள்வியின்றி அவர் மடியில் வந்து விழுகின்றன. எந்தெந்த நேரம் தனக்கு மட்டுமானது என்பதை ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதமே மகனிடமும் மருமகளிடமும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் பழகிய பின் சொன்னால் அது குறையாகக் கேட்கும்.

முதல் ஆறு மாதத்தில் வீட்டை விற்பது, பிள்ளையின் நகரத்துக்கே குடிபெயர்வது, மொத்தமாக வந்த பணத்தை உறவினர் தொழிலில் போடுவது ஆகிய மூன்றும் வேண்டாம். வெறுமையில் இருக்கும் மனம், தன்னை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிறது. கடன் கேட்டு வருபவர் அந்த ஏக்கத்தைத் தீர்த்துவிடுகிறார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி வரும், முதிர்வுக் காலம் ஐந்து ஆண்டு. "பணத்தை அதில் போட்டுவிட்டேன்" என்பது மரியாதையாக மறுக்க உதவும் பதிலும்கூட.

சில நாட்கள் முன்னறிவிப்பின்றிக் குத்தும். எனக்கு அது ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளை ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யும் நாட்கள். ஆண்டுதோறும் அந்தக் காலம் வரும்போது, கிராமக் கணக்குகளோடு வரிசையில் நிற்கும் நிர்வாக அலுவலர்களைச் செய்தித்தாள் படத்தில் பார்த்து நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆசிரியருக்கு அது பள்ளி திறக்கும் நாளாக இருக்கும். அந்த நாளை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து, வெளியூர்ப் பயணமோ நண்பர் வீடோ ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

இவ்வளவு செய்தும், இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிடித்தவற்றிலும் நாட்டமில்லாமல் போனால், அதை வயதின் மீது போட்டுவிடக் கூடாது. நம்மவர்களில் பலர், குறிப்பாக ஆண்கள், சோர்வை வயிற்றெரிச்சலாகவும் உடம்பு வலியாகவுமே சொல்வார்கள். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் இரண்டு வாரம் வரை காத்திராமல் அன்றே அழைக்க வேண்டும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது தூக்க மாத்திரையை மட்டும் கேட்காமல், ஓய்வு பெற்ற தேதியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு அவர் அனுப்பிவிடக்கூடும்.